சிறுத்தைக்குக் காவலிருந்த நயினார்

என் சமையலறை அலமாரியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கி, மூடி சரியாகப் பொருந்தாது. எத்தனையோ பாத்திரங்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டாயிற்று, இதைப் போட மட்டும் மனம் வரவில்லை. இது நயினாருடையது. சமணக் குடும்பத்து விவசாயி. மனைவியை இழந்து தனியாக மாடு வளர்த்தவர். ஊருக்கே அவர் நயினார்தான், எனக்கும் அப்படியே. காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் அந்த மலையடிவார ஊரில் நான் கால்நடை மருத்துவனாக இருந்தேன். வீடு அப்போதும் சின்ன காஞ்சிபுரத்தில்தான். காலையில் போய், மாலை ஆறு மணிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்புவேன்.

அந்த வருஷம் மலையிலிருந்து ஒரு சிறுத்தை இறங்கியது. முதலில் நாய்கள், பிறகு ஆடுகள். ஆட்டுக்காரம்மா ஒருத்தி, புருஷன் இல்லாதவள், ஆறு ஆடுகளில் நாலைப் பறிகொடுத்தாள். நிவாரணத்துக்கு நான் எழுதிக் கொடுத்த சான்றிதழ் எந்த மேஜையில் தூங்கியதோ, பதிலே வரவில்லை. பிறகு ஒரு நாள் விடியற்காலையில், நயினாரின் சினைப்பசுவை வாய்க்கால் ஓரத்தில் அடித்துப் போட்டிருந்தது. வயலுக்குப் போடும் குருணை விஷத்தைப் பசுவின் மேல் தூவி விட்டால் தொல்லை ஒழியும் என்றது ஊர். பசுவை எடுக்காதீர்கள், அடித்ததை அதுவே வந்து தின்னட்டும், எடுத்துவிட்டால் பசிக்கு வேறு மாட்டைத் தேடும் என்று சொன்னது நான்தான். கேட்டவர் நயினார் ஒருவர். யாரும் விஷம் வைத்துவிடக் கூடாதென்று, குடையை விரித்துக்கொண்டு காலையிலிருந்து கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருட்டியதும் வனக்காவலர் வந்து பொறுப்பை ஏற்பதாக ஏற்பாடு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "அதுவும் ஒரு உசுருதானேப்பா, பசிக்குத்தானே அடிச்சுது" என்றார் நயினார். சொல்லும்போது கண் பசுவின் மேல்தான் இருந்தது. கன்றிலிருந்து அவர் கையால் வளர்ந்தது அது.

பொழுது சாய்ந்துவிட்டால் சமணர்கள் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். செத்த மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். ஐந்தரை மணிக்கு நானே, "நீங்க போய் சாப்பிட்டு வாங்க நயினாரே, நான் இருக்கேன்" என்றேன். "அரை மணி நேரம்தான் டாக்டரே, ஓடி வந்துடறேன்" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். அன்றைக்கென்று அந்தப் பாழாய்ப்போன பஸ் பத்து நிமிஷம் முன்னதாக வந்தது. ரோட்டில் ஹாரன் கேட்டதும் என் கால் தானாக நடந்தது. அவர் வந்துவிடுவார், பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று சந்தோஷம் வேறு.

மறுநாள் காலை வாய்க்காலுக்குள் சிறுத்தை செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்க்க வேண்டியவனும் நான்தான். பெண் சிறுத்தை, மடியில் பால் இருந்தது. குட்டிகளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கை கழுவப் போன இடத்தில் ஆட்டுக்காரம்மா வந்து நின்றாள். "நீங்க பஸ் ஏறின நேரத்துல நான்தான் சார் மருந்து வெச்சேன். அதுக்கு ஆளுங்க காவல் இருக்கீங்க. என் ஆட்டுக்கு யாரு சார் காவலு?" என்றாள். கொஞ்சம் தள்ளி, காதில் விழும் தூரத்தில், நயினார் நின்றுகொண்டிருந்தார். அவள் போன பிறகு அருகே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "பஸ் கிடைச்சுதா டாக்டரே?" என்றார். குத்திக்காட்டும் குரல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "கிடைச்சுது" என்றேன்.

விசாரணையில் அவர் அவள் பெயரைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதிகாரிகளை ஊருக்குள் வரவழைத்தது நயினார்தான் என்று எல்லோரும் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், காவலை விட்டுப் போனது யார் என்ற கேள்வி வரும். கோழை, வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வருஷம் இன்னொரு சிறுத்தை வந்து அவருடைய கிடாரியை அடித்தது. போய்ப் பார்த்தால், அதே குடை, பக்கத்தில் இந்தத் தூக்குவாளி. மாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். "நான் இருக்கேன், வீட்டுக்குப் போங்க" என்றேன். "பரவால்லை டாக்டரே, உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார்.

அவர் காலமான பிறகு, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் கேட்டு வாங்கி வந்தது இது. இப்போது நானும் தனிக்கட்டைதான். மனைவி இல்லை, பிள்ளை வெளிநாட்டில். எதிர் வீட்டில் தறிச் சத்தம் நிற்கும் நேரத்தில், பொழுது சாய்வதற்குள், இதில் போட்டு வைத்த தயிர்சாதத்தைத் தின்றுவிடுகிறேன். ஆறு மணி வாக்கில் தெருமுனையில் பஸ் ஹாரன் அடிக்கும்போது கை அப்படியே நின்றுவிடும். "ஏறலை நயினாரே, இங்கதான் இருக்கேன்" என்று வாய்விட்டே சொல்கிறேன்.