சாய விரலும் காது மடலும்

1. காலியான கட்டில்

அன்று முற்பகலில் எங்கள் ஐ.சி.யூ.வில் ஒரு கட்டில் காலியானது. அது எப்படிக் காலியானது என்று அந்த நாட்களில் பணிபுரிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. விரிப்பை மாற்றி முடிப்பதற்குள் கீழே அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

கொரோனாவின் இரண்டாம் அலை அது. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நான் தலைமை மருத்துவராக இருந்தேன். கண்டிப்பானவன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. நோயாளியின் நிலையைக் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரைச் சம்பாதிக்க நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் அதை இழக்க விருப்பமில்லை. இத்தகைய பிரிவுகளில் புதிதாகப் பணியேற்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கீழே வந்திருந்தவர் ஏகாம்பரம். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருப்பவர். அறுபதை நெருங்கிய வயது, பருத்த உடல், நெடுநாள் சர்க்கரை, ரத்த அழுத்தம். காய்ச்சல் கண்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்துகொண்டு, அதைத் தள்ளிவந்த ஊழியரிடம் முகூர்த்தப் புடவைகளுக்கு இந்த வருஷம் எந்த நிறம் போகிறது என்று விவரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தம்பி தனபால் நின்றார். இருவரும் ஒரே பட்டறையில் வேலை செய்பவர்கள். இருவர் கைகளும் மணிக்கட்டு வரை நீலம், நகங்கள் கருநீலம்.

விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் எழுபத்தாறு காட்டியது.

"அத்த நம்பாதீங்க டாக்டர்," என்று சிரித்தார் ஏகாம்பரம். "எங்க கையப் பாத்தா மெஷினுக்கே மூச்சு முட்டும். நான் நல்லா இருந்தப்பவே எண்பத்தெட்டுதான் காட்டிச்சு. வூட்டம்மாவுக்குப் போட்டா தொண்ணூத்தேழு காட்டுது."

"எங்க தெருவுல எவனுக்கும் அது வேலைக்கு ஆவாது சார்," என்றார் தனபால். "நாங்க சும்மா போட்டுப் பாத்துக்கினு சிரிச்சிக்கினு இருப்போம்."

அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. அந்தக் கருவி விரலுக்குள் ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் நிறத்தைக் கொண்டு ஆக்சிஜனைக் கணிக்கிறது. நகத்தில் கருநீலச் சாயம் ஏறியிருந்தால் கணக்கு தவறும். எங்கள் தலைமைச் செவிலியர் ஸ்டெல்லா திறமைசாலி, அவரே தயங்கினார்.

"சார், வாய் ஓயாமப் பேசறாரு. நெஜமாவே எழுபத்தாறுன்னா இப்படிப் பேச முடியுமா?"

மற்ற நுரையீரல் நோய்களில் முடியாது. இந்த நோயில் முடிந்தது. ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போன பிறகும் திணறல் தெரியாமல் சிரித்துப் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரை மாலைக்குள் இழந்தும் இருக்கிறேன். ஆகவே நான் அவருடைய பேச்சைக் கேட்கவில்லை, அவருடைய மார்பைக் கவனித்தேன். நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். அது அவருக்கே தெரியவில்லை.

கிளிப்பைக் கழற்றி அவருடைய காது மடலில் மாட்டினேன். எழுபத்துநான்கு.

"காதுக்கும் சாயம் ஏறிடுச்சு போல," என்றார் அவர்.

மேலே காலியான கட்டிலை இவருக்கு ஒதுக்கச் சொன்னேன்.

2. ரத்தத்தின் நிறம்

ஐ.சி.யூ. என்ற சொல்லைக் கேட்டதும் ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து எழ முயன்றார்.

"உள்ள போனவன் எவன் டாக்டர் நடந்து வெளிய வந்தான்? பொணமா பாக்கெட் போட்டுத்தான குடுக்கறீங்க? நான் வூட்டுக்குப் போறேன். டேய் தனபாலு, வண்டியத் திருப்புடா."

அதட்டி உட்கார வைக்கலாம். ஆனால், மனம் ஒப்பாத நோயாளி முகத்தில் மாஸ்க்கை வைத்துக்கொள்ள மாட்டார் என்பது எங்கள் அனுபவம். ஐயத்தைத் தீர்க்க ஏ.பி.ஜி. எடுத்துவிடலாம் என்றேன். மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனை அது. அதற்கு நகச் சாயம் ஒரு தடையில்லை. ஸ்டெல்லா ஊசியைச் செலுத்தினார். சிரிஞ்சில் ரத்தம் ஏறியது. ஏகாம்பரம் அதை உற்றுப் பார்த்தார். நிறம் பார்ப்பது அவர் தொழில். வேறெதையும்விட அதைத்தான் அவர் நம்புவார்.

"இது இன்னா கலர்ல இருக்கணும் சிஸ்டர்?"

"தமனி ரத்தம்னா பளிச்சுனு செவப்பா இருக்கணும் ஐயா."

"இது அரக்குல கறுப்பு விழுந்த மாதிரி இருக்குதே."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன். ஏகாம்பரத்தின் பிடிவாதம் முதல் முறையாகத் தளர்ந்தது. பரிசோதனை முடிவு வருமுன்பே அவர் சொன்னார்:

"சரி டாக்டர். எந்தக் கட்டில்னு சொல்லுங்க."

அவரை மேலே ஏற்றுவதற்குள் நிர்வாகியிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. அவர் கெட்ட மனிதரல்லர். மருத்துவமனையின் பெயரைப் பற்றிய கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"சார், ஊர்ல நம்மள என்னா பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். இந்த ஆளுக்கு வயசு, சுகர், பிரஷர், வெயிட்டு, எல்லாமே இருக்குது. ஹை ரிஸ்க். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுங்களேன். நம்ம சாவுக் கணக்குல ஒண்ணு கூடாம இருக்கும்."

"வழியிலேயே போயிடுவார்," என்றேன். "யார்மேல இருந்து கண்ண எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் அந்த லிஸ்ட் எழுதி வெச்சிருக்கு. ஆளைத் திருப்பி அனுப்ப இல்ல."

"உங்க பேரும் இதுல இருக்குது சார்."

"அதனாலதான் சொல்றேன்," என்று வைத்துவிட்டேன். அவர் சொன்ன நான்கும் சரியானவை. அந்த நான்கும் ஒன்றுசேர்ந்து வந்த நோயாளிகளில் வீடு திரும்பியவர்கள் எங்களிடம் குறைவு.

3. நான்கு விரல்கள்

உறவினரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்வது என் வழக்கம். தனபாலை மாடிப்படி அருகே நிறுத்திச் சொன்னேன். அண்ணனுக்கு வயது ஒரு பாதகம். சர்க்கரை இரண்டாவது. ரத்த அழுத்தம் மூன்றாவது. உடல் பருமன் நான்காவது. ஐந்தாவதாக, வந்து சேர்ந்ததில் தாமதம். விரலில் காட்டிய அளவைச் சாயம் என்று ஒதுக்கிவிட்டதால் நுரையீரல் அதற்குள் மிகவும் பழுதடைந்துவிட்டது.

நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். நான்கு விரல்கள் மடங்கின. நான்காவதற்கே அவர் முகம் தெளிந்துவிட்டது. கட்டைவிரல் மட்டும் நீலமாக நிமிர்ந்து நின்றது.

"எனக்கு இதுல ஒண்ணுங்கூட இல்ல சார். நாப்பத்திரண்டு வயசு. சுகர் கெடயாது. பிரஷர்னா இன்னான்னே தெரியாது."

"உங்களப் பத்தி இப்ப பேசல. காய்ச்சல் வந்தா அன்னிக்கே வாங்க. விரல்ல பாக்காதீங்க, காதுல பாருங்க."

"வரேன் சார், வரேன். அண்ணனப் பாத்துக்கங்க."

அடுத்து வந்த நாட்கள் கடுமையானவை. ஏகாம்பரத்துக்கு ஹை-ஃப்ளோ ஆக்சிஜன் போதவில்லை. முகத்தை இறுக்கிப் பிடிக்கும் என்.ஐ.வி. மாஸ்க்குக்கு மாற்றினோம். ஸ்டீராய்டு கொடுத்ததும் சர்க்கரை எகிறியது. இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போனோம். ரத்தம் உறையும் போக்கைக் காட்டும் டி-டைமர் ஏறியது. ரத்தம் உறைந்துவிடுமோ என்று ஒரு பயம், அதற்குக் கொடுக்கும் மருந்தினால் கசிந்துவிடுமோ என்று இன்னொரு பயம். வென்டிலேட்டர் போட்டால் திரும்புவது அரிது, போடாமல் காத்திருந்து தவறினால் அதைவிட மோசம். ஒவ்வொரு சுற்றிலும் அவர் கட்டிலருகே அதே கேள்வியுடன் நின்றேன்.

குப்புறப் படுக்கச் சொன்னால் முனகுவார்.

"தொப்பைய எங்கம்மா வெக்கறது?"

"பக்கத்துக் கட்டில்ல வெச்சுக்கங்க, இன்னிக்குக் காலியாதான் இருக்குது," என்றார் ஸ்டெல்லா ஒருநாள். முனகிக்கொண்டே திரும்பிப் படுத்தார். பிரிவில் எல்லோருக்கும் ஆக்சிமீட்டர் விரலில் இருந்தது. அவருக்கு மட்டும் காதில்.

அந்தப் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் தனபால் வந்தார்.

வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தவரை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழைத்த மனைவியிடம் அவர் சொன்ன பதிலை அந்தப் பெண் எங்களிடம் அழுதுகொண்டே சொன்னார்: "பெரிய டாக்டரே லிஸ்டு சொல்லிட்டாரு, அதுல எனக்கு ஒண்ணுமே இல்லன்னுட்டாரு. காதுல பாக்கறதுக்கு இது இன்னா கம்மலான்னாரு சார்."

காதில் பார்த்தபோது ஐம்பத்தெட்டு. அவசரப் பிரிவிலேயே குழாய் செருகி வென்டிலேட்டரில் இணைத்தோம். மேலே வேறு கட்டில் இல்லை.

அண்ணனின் கண்முன்னால்தான் தம்பியைக் கொண்டு போக வேண்டும். ஏகாம்பரம் இன்னும் உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருந்தார். ஒரு அழுகை போதும், மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிடுவார். தனபாலின் முகம் குழாயும் பிளாஸ்திரியுமாக மறைந்திருந்தது. தலைமுடியைத் தொப்பியால் மூடினோம். அப்போதும் கைகள் இருந்தன. நீலக் கைகள். ஸ்டெல்லா ஒரு ஜோடி கையுறைகளை எடுத்துவந்து அந்தக் கைகளுக்கு மாட்டிவிட்டார்.

ஸ்ட்ரெச்சர் கடந்து போகும்போது ஏகாம்பரம் விழித்திருந்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார்:

"பேஷண்டுக்கு எதுக்குமா கிளவுஸு?"

"குளிருதாம் ஐயா. நீங்க பேசாதீங்க, மூச்சு வீணாவும்."

அவர் அதன் பிறகு பேசவில்லை. அன்று மட்டுமன்று, மறுநாளும் பேசவில்லை. குப்புறப் படுக்கச் சொன்னால் முனகாமல் படுத்தார். இன்சுலின் ஊசிக்குச் சட்டையை அவரே தூக்கிவிட்டார். இது களைப்பா, மூளைக்கு ஆக்சிஜன் போதாமையா என்று நான் கவலைப்பட்டுத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தேன். மூளையில் குறை ஒன்றும் தெரியவில்லை.

தனபாலுக்கு எதுவும் பலிக்கவில்லை. வயது அவர் பக்கம் இருந்தது, சர்க்கரை இல்லை, சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருந்தன. நுரையீரல் மட்டும் மீளவில்லை. எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம். அவர் இறந்த அன்று காலையில்தான் ஏகாம்பரத்துக்கு ஆக்சிஜன் தேவை முதல் முறையாகக் குறைந்தது. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே திரையை இழுத்து, தம்பியை அப்புறப்படுத்தினோம்.

4. திரை விலகிய பிறகு

ஏகாம்பரத்தைச் சாதாரண வார்டுக்கு மாற்றும் நாள் வந்தது. செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பிறரை அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். மெலிந்திருந்தார். கைகளின் தோலில் சாயம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நகங்களின் அடியில் மட்டும் புதிதாக வளர்ந்த வெள்ளைப் பிறை தெரிந்தது. அதற்கு மேலே பழைய நீலம்.

"உங்க தம்பியப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்று தொடங்கினேன்.

"தெரியும் டாக்டர்."

"யார் சொன்னாங்க?"

"ஒருத்தரும் சொல்லல. சிஸ்டர் கைய மறைச்சுடுச்சு. காத மறைக்கல." தம் காதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கிளிப்பைத் தொட்டுக் காட்டினார். "இந்த ஹால்ல எல்லாருக்கும் விரல்ல மாட்டியிருந்துச்சு. காதுல மாட்டினது ரெண்டே பேருக்கு. எனக்கும் அந்தக் கட்டிலுக்கும். வேற எந்த வூட்டு ஆளுக்கு டாக்டர் காதுல மாட்டுவீங்க?"

ஸ்டெல்லா திரும்பி நின்றுகொண்டார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"பேசினாலே மூச்சு வீணாவும்னு சிஸ்டர் சொல்லுச்சு, அழுதா இன்னும் வீணாவும். பட்டறையில மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான். ரெண்டு குடும்பம் இருக்குது. அதான் படுன்னா படுத்தேன்."

சிறிது நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அவனுக்கு சுகர் இல்லியே டாக்டர். பிரஷர் இல்லியே. வயசுல சின்னவன். நீங்கல்லாம் சொல்ற லிஸ்டுல எது அவனுக்கு இருந்துச்சு?"

"அவர்கிட்ட அஞ்சாவதா, கடைசியா சொன்னது. லேட்டா வந்தார்."

"கடைசியா சொன்னீங்களா?" தலையை மெல்ல அசைத்தார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "அது அவன் காதுல ஏறியிருக்காது. விரல மடக்கித்தான் எண்ணுவான், நாலு மடக்கினதுமே சந்தோஷமா ஆயிருப்பான். சின்ன வயசுல இருந்து அப்படித்தான். முழுசாக் கேக்கமாட்டான்."

அவரை நாற்காலியில் வைத்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலருகே போனதும் திரும்பி, காலியாக இருந்த அந்தப் பக்கத்துக் கட்டிலை ஒருமுறை பார்த்தார்.

அபாயக் காரணிகளைப் பற்றிய ஆய்வுகளை நீங்கள் படிப்பீர்கள், படிக்க வேண்டும். வயது, சர்க்கரை, அழுத்தம், பருமன், சிறுநீரகம் என்று அவை வரிசைப்படுத்தும். அவை யாவும் உண்மை. ஆனால், அந்தப் பட்டியலை ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லும்போது, கேட்பவர் தமக்குப் பொருந்தாதவற்றை எண்ணிக்கொண்டே வருகிறார். அதற்குப் பிறகு நான் அந்த வரிசையை மாற்றிக்கொண்டேன். எங்கள் பிரிவில் நோயாளியுடன் வந்தவர் எவராக இருந்தாலும், படியிறங்கும் முன் அவர் காதிலும் கிளிப்பை மாட்டிப் பார்க்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தினேன். நான் ஓய்வு பெற்ற பின்னும் அது நடக்கிறது என்று ஸ்டெல்லா சொல்கிறார்.

உறவினரிடம் பேசும்போது முதல் விரலுக்குத் தாமதத்தைச் சொல்லுங்கள். அவர் அதை மடக்கும் வரை காத்திருங்கள். மற்றவை அதற்குப் பிறகு.