மணலுக்குள் போன ராஸும் என் விரதக் குளியலும்

புள்ளி ராஸ் மீனைத் தொட்டிக்குள் விட்டதும் அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கீழே போனது, தலையைக் குத்தி மணலுக்குள் புகுந்தது, அவ்வளவுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

அப்படித்தான் செய்யும் என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். ராஸ் கடல் மீன். அதிலும் இந்தச் சிறுத்தைப் புள்ளி வகை ரொம்பப் பூஞ்சை உடம்பு. பயந்தால் தொட்டியை விட்டே துள்ளி விழும். வயிறு சின்னது, பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டினி தாங்காது. இதையெல்லாம் கேட்ட பிறகு புத்தியுள்ளவன் தங்கமீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். நான் உயர்நிலை இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பஸ் ஓட்டுகிறவன். கவலைப்பட ஏதாவது ஒன்று கையில் இல்லாவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுது போகாது. தொட்டிக்கு வலையில் மூடி கட்டினேன். மீன் வந்த பைக்குள் தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, கைக்குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவது போலப் பழக்கினேன். அந்த மீன்தான் இப்படிப் பட்டென்று மறைந்தது.

லிட்டில் இந்தியாவில் பூக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவி அன்று மாலை வீடு திரும்பியதும் ஃபிரிட்ஜைத் துடைக்க ஆரம்பித்தாள். மறுநாள் தைப்பூச விரதம் தொடங்குகிறது. மேல்தட்டைத் திறந்தவள் ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். உள்ளே சின்னச் சின்னக் கட்டியாக உறைந்த பொடி இறால்.

மீனுக்கு என்றேன்.

"விரதம் உங்களுக்கு, மீனுக்கு இல்ல. அது நல்லா சாப்பிடட்டும். ஆனா சாமிக்குப் பால் வைக்கிற ஃபிரிட்ஜ்ல இறால் இருக்காது."

அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டேன். போன வருஷம் அவள் கண் ஆபரேஷன் நல்லபடி முடிய வேண்டும் என்று பால்குடம் நேர்ந்துகொண்டவன் நான்தான். விரத விஷயத்தில் அவள் சொல்வதுதான் சட்டம். நாள் பார்க்காமல் மீன் வாங்கியது என் தப்பு.

எதிர் வீட்டில் ஒரு மலாய் அம்மா இருக்கிறார், மாச்சிக் என்று கூப்பிடுவோம். இறால் அட்டையோடு அவர் வாசலில் போய் நின்றேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தன் ஃபிரீசரில் மீன் உருண்டைகளுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அதோடு தீரவில்லை. விரதக்காரன் இறாலைத் தொடலாமா? மனைவியிடம் கேட்டேன். தொடலாம், தொட்டால் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்ற வேண்டும் என்றாள். ராஸுக்கோ அடிக்கடி சாப்பாடு. ஆக, விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் முன் இறால், குளியல். மாலை வந்ததும் இறால், குளியல். கொஞ்சம் பொறுத்து மறுபடி இறால், மறுபடி குளியல். போட்டதையெல்லாம் தொட்டியில் முன்பே இருந்த கோமாளி மீன்கள் இரண்டும் தின்றன. மணலில் ஒரு அசைவு இல்லை. முகம் காட்டாத ஒரு மீனுக்காக நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். தும்மல் பிடித்தது.

தும்மல் சத்தம் எதிர் வீடு வரை போயிருக்கிறது. சாவியைக் கொடு, நான் பகலில் போடுகிறேன் என்றார் மாச்சிக். கட்டியைக் கரைத்துச் சொட்டுக் குழாயில் விடும் விதத்தைக் காட்டிக் கொடுத்தேன். இனி ஒரு குளியலோடு போயிற்று.

கவலை மட்டும் போகவில்லை. ஓய்வு நாளில் காலையிலிருந்து கண்ணாடியில் மூக்கை வைத்து உட்கார்ந்தேன். மணல் மணலாகவே இருந்தது. கடைசியில் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன், லேசாகக் கிளறிப் பார்க்கலாம் என்று.

"வெந்தயத்தத் தூவிட்டு, முளைச்சிருச்சான்னு தோண்டித் தோண்டிப் பாக்குற ஆளுங்க நீங்க. வைங்க அதை" என்றாள் மனைவி.

"ஒருவேளை உள்ளயே செத்து..."

"விரத வாயால அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. பலிச்சிடும்."

அதுதான் என் வாயைக் கட்டிப் போட்டது. அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கடைக்காரரைக் கூப்பிடவில்லை. மாலையில் மாச்சிக்கைப் பார்த்தால், மீனெல்லாம் சாப்பிட்டதா என்று மட்டும் கேட்பேன். எல்லாம் சாப்பிட்டது என்பார். எல்லாம் என்றால் கோமாளிகள் இரண்டும் என்று எடுத்துக்கொண்டு, உள்ளே போய் மணலைப் பார்ப்பேன்.

தைப்பூசத்தன்று விடியுமுன்னே பால்குடம் எடுத்து, டாங்க் ரோடு கோயிலில் செலுத்திவிட்டு, டோபி காட் நிலையத்தில் ரயில் ஏறி வீட்டுக்கு வந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. கால் வலி. சோபாவில் சாய்ந்தேன். அடுப்படியில் மனைவி சமையலை ஆரம்பித்திருந்தாள். நாங்கள் வந்தது தெரியாமல் வழக்கம் போலக் கதவைத் திறந்து வந்த மாச்சிக், என்னைப் பார்த்ததும் எழுந்திருக்காதே என்று கையைக் காட்டிவிட்டு, தொட்டி முன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இறாலைக் கரைத்துக்கொண்டே மலாயில் கேட்டார்:

"அந்தப் புள்ளிக்காரிக்குக் கொஞ்சம் கூடுதலாப் போடுறேன். தப்பில்லையே?"

"எந்தப் புள்ளிக்காரி?"

"உங்க வீட்டுல எத்தனை புள்ளிக்காரி இருக்கா?"

சொட்டுக் குழாய் தண்ணீருக்குள் போனது. பாறைக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். உடம்பெல்லாம் புள்ளி, வயிறு உருண்டிருந்தது. ஒரு துணுக்கைக் கவ்வி, கண்ணை உருட்டி அதை ஆராய்ந்து, விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள். கோமாளிகள் ஒதுங்கி நின்றன.

மெல்ல எழுந்து தொட்டியருகே போய் நின்றேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன், கரண்டி வரை. மாச்சிக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார். கேட்டால் பலித்துவிடும் என்பதை என் மலாயில் எப்படிச் சொல்வது? கையை மட்டும் விரித்தேன்.

உடனே கடைக்காரருக்குப் போன் அடித்தேன். அது தூரக் கிழக்குக் கடலிலிருந்து வந்த மீன், உடம்புக்கு இன்னும் அந்த ஊர் நேரம் லா, என்றார் அவர். நமக்கு மத்தியானம் என்றால் அதற்குப் பொழுது சாய்ந்துவிடும், மணலுக்குள் படுக்கப் போய்விடும். நான் கிளம்பும்போது தொட்டி இருட்டு. திரும்பும்போது அது தூக்கம். ஓய்வு நாளில்? கண்ணாடியில் அவ்வளவு பெரிய மூக்கு தெரிந்தால் யார் வெளியே வருவார்கள் என்று கேட்டார்.

மனைவி கரண்டியோடு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். சாப்பிட்டு முடித்த புள்ளிக்காரி மெதுவாக இறங்கினாள், தலையைக் குத்தி மணலுக்குள் போனாள். சின்னத் தூசி எழுந்து அடங்கியது.

"கொஞ்சம் அதிகமா சாப்பிட்டிருச்சோ? வயிறு ஏதாவது..." என்று ஆரம்பித்தேன்.

ஒருத்தர் மலாயிலும் ஒருத்தி தமிழிலும், இருவரும் ஒரே நேரத்தில், என்னைப் போய்ப் படுக்கச் சொன்னார்கள்.