பத்து வயதுக்கு ஏற்றது

ஜூன் 9. காலையிலிருந்தே தூறல். புதிதாக வரும் சிறுவர் மாயாஜால நாவல்களைப் படித்துப் பார்த்து, 'பத்து வயதுக்கு ஏற்றது' என்று கையெழுத்திடுவது அந்த நூலகரின் பொறுப்பு. மந்திரவாதி என்றாலே அவருக்கு எட்டிக்காய். ஆகவே, முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் புரட்டிவிட்டுப் பதினோராண்டுகளாகக் கையெழுத்திட்டு வந்தார்.

அன்று ஒரு தாய் வந்து, அவர் கையெழுத்திட்ட நாவல் ஒன்றை மேசைமேல் அறைந்தார்.

"நடுவுல ஒருத்தன் பிள்ளைங்களோட நிழலைப் பிடுங்கித் தின்னுறான். நிழல் விழும்னு என் பொண்ணு வீட்டுல விளக்கே போட விடமாட்டேங்கிறா. நாலு நாளா இருட்டுல முட்டிக்கிட்டுக் கிடக்கோம்!"

"கத்தாதீங்கம்மா, நாலு பேரு படிக்கிற இடம்."

"அந்த நாலு பேருல நீங்க உண்டா? மேலதிகாரிகிட்டப் போறதுக்கு முன்னாடி கேக்குறேன். இதை முழுசாப் படிச்சீங்களா?"

வேலைக்கே உலை வைக்கும் கேள்வி அது. நூலகர் தம் கையெழுத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா. படிக்கல."