என் மகளை ரத்தம் வளர்க்கவில்லை

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவின் முதல் மாடி வீடு என்னுடையது. தண்ணீர் உப்பு, கரண்ட் நிற்காது, ஆறே மாதத்தில் மூடிவிடுவான் என்று ஊரே சொன்ன இடத்தில் ஐஸ் கம்பெனி போட்டேன். இன்றைக்கும் ஓடுகிறது. இரண்டு விசைப்படகு வைத்திருந்தேன்; புயலில் ஒன்று உடைந்தது, மறுபடி கட்டினேன். இவற்றையெல்லாம்விடக் கடினமான வேலை, ஒரு பெண்ணை வளர்த்தது.

அவளைப் பெற்றவன் என் படகில் வேலை பார்த்தவன். குடித்துவிட்டுக் கரையில் ஒருவனைக் குத்திக் கொன்றான், ஜெயிலிலேயே செத்தான். தாய் அதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கச் சொந்தக்காரன் ஒருவனும் வரவில்லை. நானும் என் மனைவியும் தூக்கிவந்தோம். இன்றைக்கு அவள் நர்ஸ்.

போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கும் அவளுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் சம்மதம் சொல்லாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்களே. உள்ளே சமையல் ஆறிக்கொண்டிருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை. பெற்றவன் கதையைச் சொன்னேன்.

பையனின் தாய்மாமன் லாஸ்பேட்டையில் கல்லூரி வாத்தியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இதெல்லாம் ஜீன். கொலகாரன் பிள்ளைக்கு அந்தக் கோவம் ரத்தத்துலயே வரும். நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் எறங்கும்."

"இருவத்திமூணு வருசமா எங்க வூட்ல சோறு துன்னுச்சே, அந்த ஜீனு எங்க படுத்திருந்துச்சு?"

"சட்டுனு தெரியாதுங்க. ஒருநாள் வெளிய வரும்."

"சரி வாத்தியாரே. உங்க பூர்வீகமும் இந்தக் குப்பந்தானே. பிரெஞ்சுக்காரன் காலத்துல எங்கப்பனும் உங்க தாத்தாவும் ஒரே கட்டுமரத்துல சரக்கு கடத்துனாங்க. ஒண்ணாவே சுங்கத்துல மாட்டுனாங்க. அந்தத் திருட்டு ஜீனு உங்களாண்ட எப்ப வெளிய வரும்?"

பையனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நெசந்தாண்ணா. நம்ம வூட்டு பெரிய பீரோவே அந்தச் சரக்கு வித்து வாங்குனதுதான்."

பையன் எழுந்து என் பக்கம் திரும்பினான். "மாமா, பசிக்குது. எல போடுங்க."

சம்மதம் முடிந்தது. வாத்தியாரும் சாப்பிட்டார். ரசம் ஊற்றும்போது சொல்கிறார்: "பொண்ணு கொணம் தங்கம். அம்மா பக்கத்து நல்ல ஜீன் வந்திருக்கு."

எனக்கு வந்த ஆத்திரம்! கெட்டதென்றால் அப்பன் ரத்தம், நல்லதென்றால் ஆத்தா ரத்தம். அப்போது நாங்கள் யார், வாடகைக்கு இடம் விட்டவர்களா? எட்டு வயதில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மண்டையை இவள் கல்லால் உடைத்தாள். பார்த்தாயா ரத்தத்தை என்று தெருவே என்மேல் பாய்ந்தது. நான் அடிக்கவில்லை. காயம் ஆறும்வரை தினமும் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் திட்டத் திட்ட நான் வாசலில் நின்றேன். இவள் அழுதுகொண்டே கட்டு மாற்றினாள். கட்டுப் போடக் கற்றது அங்கேதான். அதை எந்த ஜீன் கற்றுக்கொடுத்தது?

நேற்று வாத்தியார் கல்யாணப் பத்திரிகை எழுதி அனுப்பியிருந்தார். என் பெயருக்குக் கீழே 'வளர்ப்பு மகள்' என்றிருந்தது. 'வளர்ப்பு' என்பதைப் பேனாவால் அழுத்தி அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். மகள் என்று போட வேண்டும். மேலே என் பெயரும் என் மனைவி பெயரும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அதுவரை அந்தப் பத்திரிகை அச்சுக்குப் போகாது.