முதல் பாட்டு மாரிக்கனிக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் மாரிக்கனிக்கு வயது நாற்பத்து நான்கு. பத்தொன்பது வருடமாகக் காளிராஜின் இன்னிசைக் குழுவில் பாடுகிறாள். ஒரு நாள்கூட மேடையில் முதல் பாட்டு அவளுக்குக் கிடைத்ததில்லை. அந்த ஒரு ஆசைதான் அவளுக்கு.

முதல் பாட்டு சாமி பாட்டு. அம்மன் கோயில் பொங்கல் என்றால் கீபோர்டு வாசிக்கும் காளிராஜே பாடிவிடுவான். மாதா கோயில் திருவிழாவுக்கு டிரம்ஸ் வாசிக்கும் ஜெபக்குமார். தர்கா கந்தூரிக்குத் தபேலாக்காரர். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் வீட்டுக் கல்யாணமென்றால் கிட்டார்க்காரர், தெலுங்கிலேயே. எல்லாச் சாமிக்கும் ஆள் போட்டாகிவிட்டது. மாரிக்கனிக்கென்று ஒரு சாமியும் மிச்சமில்லை. அவள் முறை மூன்றாவது பாட்டில்தான் வரும், அதுவும் குத்துப்பாட்டு.

"குத்துப்பாட்டு பாடுத வாயால சாமி பாட்டா யக்கா?" என்பான் காளிராஜ். அவன் வாயில் எந்நேரமும் பாக்கு.

போன மாதம் தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு கலைவிழா. விழாக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: "எல்லா மதத்துக்காரவியளும் வருவாவ. சாமி பாட்டு வேண்டாம். கடலைப் பத்திப் பாடி ஆரம்பிங்க."

ஆண்கள் நான்கு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். மலையடிவாரத்துக்காரர்களுக்குக் கடல் பாட்டு எங்கே தெரியும்? மாரிக்கனிக்கு ஒரு படகுப் பாட்டு தெரியும். ஒரு வாரம் ஐஸ் தண்ணீரைத் தொடாமல், மிளகும் கற்கண்டுமாக மென்று, ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகினாள். வக்கீல் குமாஸ்தாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டுச்சேலை சரசரக்க மேடையேறினாள். பல்லவி எடுத்ததும் மைக் ஊளையிட்டது. சவுண்டுக்காரன் அவள் மூக்குக்கு முன்னால் வந்து நின்று "ஹலோ, ஹலோ" என்றான். சரணத்தில் யாரோ யாருக்கோ சால்வை போட்டார்கள். வெள்ளைக் காரை நகர்த்தச் சொல்லி நடுவில் ஓர் அறிவிப்பு. சனம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவித்த சோளம் வாங்கிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை.

மாரிக்கனிக்கு அழுகை முட்டியது, கூடவே ஆத்திரமும். இந்தக் காலி நாற்காலிகளுக்காகவா பத்தொன்பது வருடம் பொருமினோம் என்றிருந்தது.

மூன்றாவது பாட்டுக்குள் நாற்காலிகள் நிறைந்துவிட்டன.

"யக்கா, குத்துப்பாட்டு," என்றான் காளிராஜ்.

"படகுப் பாட்டையே வாசிலே."

"அதான் பாடியாச்சே?"

"யாரு கேட்டா? கேட்டவன் ஒருத்தனக் கையத் தூக்கச் சொல்லு, பாப்போம்."

பாடினாள். முன்வரிசையில் கன்னியாஸ்திரீகள் தாளம் போட்டார்கள். புர்கா அணிந்த பெண்கள் செல்போனை உயர்த்தினார்கள். துறைமுகத்தில் வேலைபார்க்கும் வடநாட்டுக்காரர்கள் ஒரு சொல்லும் புரியாமல் விசிலடித்தார்கள். வன்ஸ்மோர் கேட்டு மறுபடியும் பாட வைத்தார்கள்.

மறுவாரம் வன்னியம்பட்டி அம்மன் கோயில் பொங்கலில் காளிராஜுக்குத் திடீரென்று பெரிய மனசு வந்தது.

"யக்கா, இன்னைக்குச் சாமி பாட்ட நீங்களே பாடுங்க."

"வேண்டாம்லே. சாமி எங்கயும் எந்திரிச்சுப் போவாது, நீயே பாடு. சனம் உக்காந்த பொறவு வாரேன்," என்று சொல்லிவிட்டு மாரிக்கனி டீ குடிக்கப் போனாள்.