வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொன்னார்

திகில் நாவலை முடித்தே தீருவதென்று மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருக்கிறேன். கதை பாதியிலேயே நிற்கிறது.

இன்று காலை வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினார்.

"ரூமை காலி பண்ணிடும்மா. நீ புருஷன்கிட்ட சொல்லாம ஓடியாந்துட்டன்னு ஊரே பேசுது."

"கதை எழுதத்தாங்க வந்தேன்" என்றேன். அவர் நம்பவில்லை.

உட்காரவைத்து, எழுதிய வரைக்கும் படித்துக் காட்டினேன். உப்புக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தோடு பக்கங்கள் தீர்ந்துவிட்டன.

"யாரு கொன்னாங்க?"

"இனிமேதாங்க எழுதணும்."

"அப்ப முடிச்சிட்டே போ. ஊரு வாயை நான் பாத்துக்கறேன்."

இதைப் பதிவிட மட்டும் பிரவுசிங் சென்டருக்கு வந்தேன். இனி நாவலை முடிக்காமல் அறையைவிட்டு நகர்வதாக இல்லை.

கொலைகாரன் யாரென்று எனக்கே தெரியாது. அதை மட்டும் யாரும் வீட்டுக்காரம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.