அப்பா தேடிய சொல்

அரசாங்கக் கந்தோரோ ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் அப்பாவுக்காக நானே கதைப்பேன். எங்கள் வீட்டில் முதன்முதல் படித்தவன் நான். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் மோட்டார் சைக்கிள் மோதித் தலையில் அடிபட்டதோடு அப்பாவின் பேச்சு போய்விட்டது. பேச்சுப் பயிற்சிக்கும் நான்தான் கூடப் போனேன்.

பயிற்சி தரும் மிஸ் ஒரு மீன் படத்தைக் காட்டுவார். அப்பா வாய் கோணித் திணறுவார். பார்க்கப் பொறுக்காமல் "மீன்" என்று நானே சொல்லிவிடுவேன். அப்பா இல்லையென்று தலையாட்டுவார். மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். சில வாரங்களில் அவர் முயல்வதையே விட்டுவிட்டு, எதற்கும் என் முகத்தையே பார்த்தார்.

"தம்பி, அடிபட்டது உங்களுக்கோ, அப்பாவுக்கோ? கொஞ்சம் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ," என்றார் மிஸ் ஒருநாள், அதே படத்தை மறுபடியும் காட்டி.

இருந்தேன். நெடுநேரம் போனது. அப்பாவின் நெற்றி வியர்த்தது.

"சூ... சூடை," என்றார்.

படத்தில் இருந்தது சூடை மீன்தான். முப்பது வருடம் கடலுக்குப் போனவர் அதை வெறும் மீன் என்று ஏன் சொல்லப்போகிறார்? சரியான சொல்லைத் தேடியவரை இத்தனை நாளும் நான்தான் மறித்திருக்கிறேன். வெளியே போய் அழுதேன்.

இப்போது தேத்தண்ணீர் ஆறிப்போனாலும் அவர் வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்கிறேன். அன்ரன் என்ற என் பெயரில் இன்னும் 'அன்' மட்டும்தான் வருகிறது. மீதியை எடுத்துக்கொடுக்க நாக்குத் துடிக்கும். கொடுப்பதில்லை.